நம் சூளையிலும் அந்த நோட்டு வேண்டாம்

அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023-ல் வந்தது. முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை. கடன் வட்டியில் 6 விழுக்காடு சலுகை. ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் கூலிக்குப் போவதோடு நின்றுவிடாமல் தொழில் நடத்த வேண்டும் என்பது இதன் நோக்கம். காரிமங்கலம் வட்டாரத்திலும் நம் பிள்ளைகள் தையல் யூனிட், செங்கல் சூளை, தென்னை நார், லாரி என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். நாம் இதை மனதார வரவேற்கிறோம்.

வரவேற்ற கையோடு ஒரு கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது. கடன் வாங்கி இயந்திரம் இறக்குகிறோம். அதில் வேலை செய்யும் ஆளை எப்படிக் கொண்டுவரப் போகிறோம்? மேஸ்திரியிடம் முன்பணம் கொடுத்தனுப்பித்தானே? அந்த முன்பணத்தின் மறுமுனையில் தலைமுறை தலைமுறையாக நின்றவர்கள் நாம். இப்போது பணம் கொடுக்கும் முனைக்கு நம்மில் சிலர் வந்திருக்கிறோம். சூளையோடு சேர்த்து அந்தப் பழைய கணக்கு நோட்டையும் வாங்கிக்கொள்வதா?

கொத்தடிமை என்ற சொல்லைக் கேட்டாலே, அது எங்கோ ஆந்திர எல்லையில், திருவள்ளூர் சூளையில் நடப்பது என்று சிறு முதலாளிகள் நினைக்கிறார்கள். ‘நான் யாரையும் கட்டிப்போடவில்லையே’ என்கிறார்கள். சட்டம் கயிற்றைத் தேடவில்லை. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-ல் நிறைவேறிய கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் 2-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். முன்பணம் வாங்கியதற்காக ஒருவர் கூலி இல்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைத்தால் அவர் கொத்தடிமை. வேறு வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் கொத்தடிமை. நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாவிட்டால் கொத்தடிமை. தன் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்க முடியாவிட்டாலும் அப்படியே. இந்த நான்கில் ஒன்று இருந்தாலே போதும். முன்பணம் மட்டுமல்ல, ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்துக்காக உழைக்க வைக்கப்பட்டாலும் அது கொத்தடிமைத்தனம் என்று அதே பிரிவு சொல்கிறது. நம் பாட்டன்மார் பண்ணையாளாக, படியாளாக இருந்தது அந்தக் கணக்கில்தான்.

உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் நடந்த கட்டுமானப் பணிகள் குறித்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே அரசமைப்பின் 23-வது கூறு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று 1982-ல் சொன்னது. பசி விரட்டுவதும் ஒரு வகைக் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டு பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கட்டாய உழைப்பு நடக்கிறது என்று தெரிந்தால் அதன் பின்னால் ஒரு முன்பணம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. முன்பணத்துக்குச் சீட்டு எங்கே, சாட்சி எங்கே என்று தொழிலாளியைக் கேட்டு விரட்டக் கூடாது. ‘இது கொத்தடிமைக் கடன் அல்ல’ என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டத்தின் 15-வது பிரிவு கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது.

சூளைக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். விவரம் அங்கேதான் இருக்கிறது.

கணவன், மனைவி இருவர். தீபாவளிச் செலவுக்கோ மகள் திருமணத்துக்கோ 40,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, பொங்கல் முடிந்ததும் சூளைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கல் அறுத்தால் 800 ரூபாய் என்று பேச்சு. இருவரும் சேர்ந்து நாளுக்கு ஆயிரம் கல் வீதம் வாரம் ஆறு நாள் அறுத்தால் 4,800 ரூபாய். வாரச் சந்தைச் செலவுக்கு 1,500 ரூபாய் கையில் தருகிறார்கள். மீதி 3,300 முன்பணத்தில் கழிகிறது. இந்தக் கணக்குப்படி பதின்மூன்று வாரத்தில் கடன் முழுவதும் அடைந்து, மேற்கொண்டு 2,900 ரூபாய் கைக்கு வர வேண்டும். சூளை ஓடுவது அதைவிட அதிக வாரங்கள்.

ஆனால் சீசன் முடிவில் என்ன சொல்கிறார்கள்? ‘இன்னும் 18,000 பாக்கி இருக்கிறது.’ எப்படி? மழையில் கரைந்த பச்சைக் கல் தொழிலாளி கணக்கில் போனது. உடைந்த கல்லுக்காக ஆயிரத்துக்கு இத்தனை என்று கழித்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது கொடுத்த பணம் ஏறியது. மேஸ்திரி கமிஷனும் ஏறியது. மண் வராமல் சும்மா இருந்த நாட்களுக்குக் கூலி கிடையாது, ஆனால் அந்த நாட்களின் சாப்பாட்டுச் செலவு மட்டும் நோட்டில் உண்டு. நோட்டு முதலாளியிடம். எழுதுவது கணக்குப்பிள்ளை. தொழிலாளிக்கு அதைப் பார்க்கும் உரிமையும் இல்லை, பல நேரம் படிக்கும் வாய்ப்பும் கிடைத்ததில்லை. அந்த 18,000-த்தோடு இன்னும் ஒரு 25,000 சேர்த்துக் கொடுத்து அடுத்த ஆண்டுக்கும் அவர்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. பூட்டுப் போடவில்லை. நோட்டே பூட்டு.

நோட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் இருப்பது ஒரே ஒரு பெயர், கணவன் பெயர். மண் மிதித்தது, கல் திருப்பிப் போட்டது, அடுக்கியது, சுமந்தது எல்லாம் செய்த பெண்ணின் பெயர் எங்கும் இருக்காது. கூடமாட வேலை செய்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் கணக்கில் வராது. இரண்டு மூன்று பேர் உழைப்புக்கு ஒருவர் பெயரில் கூலி போட்டால், அது குறைந்தபட்சக் கூலிக்கு எவ்வளவு கீழே போகிறது என்பதை யார் வேண்டுமானாலும் வகுத்துப் பார்க்கலாம்.

‘இது சூளைக்காரர் விஷயம், என் தையல் யூனிட்டில் இதெல்லாம் இல்லை’ என்பவர்களுக்குச் சுமங்கலித் திட்டத்தை நினைவூட்ட வேண்டும். திருமணத்துக்குப் பணம் சேர்த்துத் தருகிறோம் என்ற பெயரில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டக் கிராமங்களிலிருந்து எத்தனை பெண் பிள்ளைகள் வண்டியேறினார்கள்! மூன்று ஆண்டு ஒப்பந்தம். முடிவில் முப்பதாயிரம் முதல் அறுபதாயிரம் வரை மொத்தமாகத் தருவார்கள். இடையில் உடம்பு முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தப் பணம் பல இடங்களில் கிடைத்ததில்லை. அது தனியாகத் தரும் பரிசு போலப் பேசப்பட்டது. உண்மையில் மாதாமாதம் கொடுத்திருக்க வேண்டிய கூலியைப் பிடித்து வைத்ததுதான் அது. முன்பணத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் சுமங்கலி. அங்கே கடன் கட்டிப்போட்டது, இங்கே வர வேண்டிய கூலி கட்டிப்போட்டது. அந்தப் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் நம் வீட்டுப் பிள்ளைகள்.

நெதர்லாந்து இந்தியக் குழு என்ற அமைப்பு 2016-ல் தமிழ்நாட்டின் 700-க்கும் மேற்பட்ட நூற்பாலைகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஒன்பது ஆலைகளில் நவீன அடிமைத்தனத்தின் ஏதாவது ஒரு வடிவம் இருப்பதாக அது சொன்னது. விடுதியை விட்டு வெளியே போகத் தடை, கூலி பிடித்தம், கட்டாய மிகைநேரம் என்று பல வடிவங்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளின் தணிக்கை பெரும்பாலும் சட்டை தைக்கும் தொழிற்சாலை வரைக்கும்தான் வந்தது. அந்தத் துணியின் நூல் எங்கே திரிக்கப்பட்டது என்பது வரைக்கும் அது இறங்கவில்லை. சங்கிலியின் மேல்கண்ணி பளபளப்பாக இருந்தது.

அப்படிப் பார்க்கப்பட்ட ஒரு தொழிற்சாலையில்கூட என்ன நடக்கும் என்பதை 2021 ஜனவரி காட்டியது. திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். எச் அண்ட் எம் போன்ற பன்னாட்டு நிறுவனங்களுக்குத் துணி தைத்துக் கொடுத்த ஆலை அது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடவில்லை. ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு, உள்ளூர் முதலாளியோடு மட்டும் பேசாமல் சரக்கு வாங்கும் கம்பெனியையும் மேசைக்கு இழுத்தார்கள். 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு அது பொருந்தியது. உற்பத்தி வரிசைகளில் தொழிலாளிகளிலிருந்தே கண்காணிக்க ஆட்கள், பயமில்லாமல் புகார் சொல்ல வழி, புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை. ஆலை மீறினால் சரக்கு வாங்குபவர் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தைப் படிக்கும்போது நமக்குத் தோன்றுவது ஒன்றுதான். வெளியிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை காரில் வந்து இறங்கும் தணிக்கையாளரால் கண்டுபிடிக்க முடியாததை, பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு வாய் திறக்க இடம் வேண்டும், அவ்வளவே.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். பெங்களூரிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் பத்து மெஷின் யூனிட்டுக்காரர் நம்மிடம் என்ன சொல்வார் என்பது தெரியும். ‘பீசுக்கு இவ்வளவுதான் என்று மேலே இருப்பவன் விலையை அறுத்துவிடுகிறான். அதையும் மூன்று மாதம் கழித்துத்தான் தருகிறான். நான் எங்கிருந்து வாராவாரம் கூலி கொடுப்பது?’ இதில் நியாயம் இருக்கிறது. கீழே நடக்கும் அடிமைத்தனத்துக்கான காசு பாதி மேலே நிறுத்தி வைக்கப்படும் பில்லில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு வழி இல்லாமல் இல்லை. 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்கென்றே வசதியாக்க மன்றமும் இருக்கிறது. நம் ஆட்களில் எத்தனை பேர் அங்கே மனுப் போட்டிருக்கிறோம்? பெரிய ஆளைக் கேட்கப் பயந்து, அந்தச் சுமையைத் தன்னைவிட எளியவர் முதுகில் இறக்குவது நமக்குத் தெரிந்த கதைதான். சாதி வேலை செய்வதே அந்த வழியில்தான்.

‘பெரிய கம்பெனிக்குத்தான் இந்தச் சட்டமெல்லாம்’ என்பதும் பாதிதான் உண்மை. பிரிட்டனின் 2015-ம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டம் ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டுக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனங்களிடம்தான் அறிக்கை கேட்கிறது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த விதி, கட்டாய உழைப்பில் செய்த பொருளை 2027 டிசம்பர் முதல் தன் சந்தையில் விற்கவே தடை செய்கிறது. அதில் கம்பெனி பெரியதா சிறியதா என்ற பேச்சில்லை. காரிமங்கலத்தில் தைத்த பை கூட அந்தக் கணக்கில் வரும்.

சிறு முதலாளி உடனே செய்யக்கூடியவை பல. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை. முன்பணம் கொடுத்தே தீர வேண்டும் என்றால் ஒரு மாதக் கூலியைத் தாண்டாமல், வட்டியில்லாமல் கொடுங்கள். வாரத்துக்கு எவ்வளவு கழியும் என்பதைத் தமிழில் எழுதி, ஒடியாக்காரர் என்றால் அவர் மொழியில் படித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். கடன் பாக்கி இருந்தாலும் ஆள் போக நினைத்தால் போகலாம் என்பதை அந்தத் தாளிலேயே எழுதுங்கள்; வேலையைக் காட்டித்தான் கடனை வசூலிப்பேன் என்பதுதான் குற்றம். மேஸ்திரி கமிஷனைத் தொழிலாளி கூலியிலிருந்து எடுக்காமல் உங்கள் லாபத்திலிருந்து கொடுங்கள். கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிக் கணக்கு. ஆதார் அட்டை, ஏடிஎம் அட்டை, பிள்ளையின் டிசி எதையும் ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று வாங்கி வைக்காதீர்கள். மழையில் கரைந்த கல் தொழில் நடத்துபவரின் நட்டம். தார்பாய் வாங்க வேண்டியவர் அவர்தான்.

கொள்முதல் செய்கிற இடத்திலும் கேட்கப் பழக வேண்டும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாயில் நம் காலனிகளில் வீடு எழும்புகிறது. அந்த வீட்டுக்கு இறங்கும் கல் எந்தச் சூளையில் அறுத்தது? அங்கே வாரக் கூலி கொடுக்கிறார்களா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, கணக்கு நோட்டு யார் கையில்? லாரிக்காரரிடம் விலை கேட்கும்போது இந்த மூன்றையும் கேட்பதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. நம் வீட்டுச் சுவரில் இன்னொரு சேரியின் கொத்தடிமை உழைப்பு இருக்கக் கூடாது என்று நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

இதில் நமக்குக் கசப்பான இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆதிதிராவிடர் ஒருவரைக் கொத்தடிமையாக வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம். ஆனால் வைத்திருப்பவரும் ஆதிதிராவிடர் என்றால் அந்தச் சட்டம் பாயாது. இதைத் தெரிந்துகொண்டு நம் ஆளையே மேஸ்திரியாக, பினாமி சூளைக்காரராக முன்னால் நிறுத்தும் தந்திரசாலிகள் பின்னால் இருக்கலாம். அவர்களும் அவர்களுக்குப் பெயர் கொடுப்பவர்களும் ஒன்றை மறக்க வேண்டாம். 1976-ம் ஆண்டுச் சட்டம் சாதி பார்ப்பதில்லை. துணைபோனவருக்கும் அதே மூன்றாண்டுச் சிறை. அபராதம் இரண்டாயிரம் ரூபாய்தான், ஒரு டிராக்டர் கல் விலைகூட இல்லை. ஐம்பது ஆண்டாக அந்தத் தொகையை உயர்த்த எந்த அரசுக்கும் நேரம் கிடைக்கவில்லை.

வடமாநிலத் தொழிலாளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்களை நாம் ‘இந்திக்காரர்கள்’ என்று ஒரே சொல்லில் கடந்துபோகிறோம். முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்கு வருகிறவர்களில் பலர் அந்த ஊர்ச் சேரிக்காரர்கள், அந்த மலைப் பழங்குடிகள். 2011-ல் திருவள்ளூர் மாவட்டச் சூளை ஒன்றிலிருந்து 500-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டபோது அவர்கள் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அம்பேத்கர் 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வதன் மசோதாவைக் கொண்டுவந்தது, சாதியின் பெயரால் ஊருக்கெல்லாம் உழைக்கும் கட்டாயத்தை முறிப்பதற்குத்தான். அவர் படத்தை அலுவலகத்தில் மாட்டிக்கொண்டு, ஒடிசாப் பெண்ணின் ஆதாரை மேசை அறையில் பூட்டி வைக்க முடியாது.

இந்த மாவட்டத்தில் முன்பணத்திலிருந்து வெளியே வந்தவர்கள் அதற்குக் கொடுத்த விலையும் நமக்குத் தெரியும். உள்ளூர் நிலக்காரரை நம்பாமல் பெங்களூருக்குப் போய்க் கூலி வேலை பார்த்து, அந்தக் காசில் ஓட்டு வீட்டைத் தளம் போட்ட வீடாக்கியவர்கள் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் இருந்தார்கள். 2012 நவம்பர் 7 அன்று எரிந்த 250-க்கும் மேற்பட்ட வீடுகளில் அந்தக் கூலியும் எரிந்தது. சுதந்திரமாகச் சம்பாதிக்கும் தலித்தைக் கண்டால் யாருக்கு எரிச்சல் என்பது அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் இருந்துகொண்டு, இன்னொருவரின் சுதந்திரத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ள முடியுமா?

அரசின் பங்கு என்ன? பிப்ரவரி 9-ல் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையாக நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள். மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. அதற்குப் பிறகு ஆண் என்றால் ஒரு லட்சம், பெண்ணோ குழந்தையோ என்றால் இரண்டு லட்சம், மோசமான சுரண்டல் என்றால் மூன்று லட்சம் என்று மத்தியத் திட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பெரிய தொகையைக் குற்றவாளி தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வழக்கு இழுக்க இழுக்க, விடுதலைச் சான்றிதழோடு வீட்டுக்கு வந்தவர் செலவுக்கு வழியின்றி மறுபடி மேஸ்திரி வீட்டு வாசலுக்குப் போகிறார். இந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்லி நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

தாட்கோவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மானியக் கடன் விண்ணப்பத்தோடு திட்ட அறிக்கை கேட்கிறீர்கள், இயந்திரத்துக்கு விலைப்புள்ளி கேட்கிறீர்கள். ஆட்களை எப்படி எடுக்கப் போகிறீர்கள், கூலிப் பதிவேடு யார் வைப்பது என்று ஒரு பக்கம் சேர்த்துக் கேளுங்கள். தொழில்முனைவோர் பயிற்சியில் ஜிஎஸ்டிக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை நாளை இதற்கு ஒதுக்குங்கள்.

கடைசியாக, சட்டத்தின் 13-வது பிரிவு. மாவட்டத்துக்கு ஒன்று, கோட்டத்துக்கு ஒன்று என்று விழிப்புக் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. இரண்டிலும் அந்தந்தப் பகுதியில் வசிக்கும் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் மூன்று பேரை உறுப்பினராக்க வேண்டும் என்பது சட்டம். காரிமங்கலம் அடங்கிய தர்மபுரி கோட்டத்துக்கு அந்த மூன்று பேர் யார்? அவர்கள் பெயரும், குழு கடைசியாகக் கூடிய தேதியும், எந்தச் சூளைக்கும் ஆலைக்கும் போனார்கள் என்ற விவரமும் வட்டாட்சியர் அலுவலகத் தகவல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். மேஸ்திரிகள் தீபாவளிக்கு முன்பே முன்பணத்தோடு கிராமத்துக்குள் வந்துவிடுவார்கள். குழு அதற்கு முன்னால் கூடட்டும்.